முழுவியளத்துக்கு நான் வருகிறேன்

தம்பி, உன் கடிதம் வந்தது. வேலையால் வந்த உன் அக்கா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே வாசித்துக் காட்டினாள். பிறகு அதை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய், மேசையில் விரித்து, விரலை ஓட்டி ஓட்டி நானும் வாசித்தேன். ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள் என்றாலும் உன் எழுத்தை வாசிக்க எனக்கு ஆளுதவி தேவையில்லை. ஹோலிஹெட்டில், வெளியே மழை அடித்துக்கொண்டிருக்க, தட்டில் அரிசியைப் பரப்பி உன் விரலைப் பிடித்து எழுதப் பழக்கினவள் நான்தானே. அந்த எழுத்தில்தான், "கிவெனை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று விளங்கிக்கொண்டேன் அம்மா. அப்பாவின் முதல் வருச ஆட்டைத்திவசம் முடிந்து ஆவணியில் கலியாணப் பதிவு எழுதப் போகிறோம். மனமில்லாமல் நீங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து கஷ்டப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். வாசித்து முடித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பிலிருந்த சட்டியைப் பார்த்தேன். நீ பிழையாக விளங்கிக்கொண்டாய், தம்பி. ஆனால் நீ அப்படி விளங்கிக்கொள்ளும்படிதான் நான் நடந்தேன். தொலைபேசியில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதைக் காதில் வைத்தால் "சாப்பிட்டியோ, அங்க குளிரோ" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். ஒரு தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு, இருந்து, மெதுவாக வாசி. கிவென் பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் சொல்லு.

அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்த நீ திரும்பிப் புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் அரிசி களைந்துகொண்டு நின்றேன். நீ கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "அம்மா, ஒரு விசயம் சொல்ல வேணும்" என்றாய். "துறைமுகக் கேற்றில நிக்கிற மிஸ்டர் ஓவன்ர மகள் கிவென். உங்களுக்குத் தெரியும்." தெரியாமல் என்ன? பள்ளிக்கூடம் போகிற வயதில் நம் வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்ட பிள்ளை. என் தோசையைச் சீனி தூவிச் சாப்பிட்ட பிள்ளை.  அரிசித் தண்ணீரை ஊற்றினேன், பிறகும் களைந்தேன். நீ கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு எழும்பிப் போனாய். அடுத்த நாள் காலை டாக்ஸி வந்தது. "அம்மா, போட்டு வாறன்" என்று நடையில் நின்று கூப்பிட்டாய். நான் பின்னால் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் நின்றேன். மெஷின்கூட ஓடவில்லை. "ஓம் ராசா" என்று மட்டும் சொன்னேன். நீ பையை நிலத்தில் வைத்த சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அதைத் தூக்கின சத்தமும் கேட்டது. "அம்மாவுக்குத் தலையிடி போலக் கிடக்கு, நீ வெளிக்கிடு, பிளேன் உனக்காக நிக்காது" என்று அக்கா சொன்னாள். கதவு சாத்துப்பட்டது. டாக்ஸி தெரு முனை திரும்பும் வரைக்கும் நான் சுவரைப் பிடித்தபடி நின்றேன்.

முதல் நாள் பெண்ணைப் பற்றிச் சொன்னாய், அடுத்த நாள் தாய் வாசலுக்கு வரவில்லை. வேறென்ன நினைப்பாய்? ஆனால் எனக்குக் கோபமே இல்லை. நான் ஒளித்து நின்றேன். அப்பா போய் அந்த மாதம்கூட முடியவில்லை. பொட்டில்லாத நெற்றியோடு பயணம் போகிற பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று ஒளித்து நின்றேன். முதல் நாள் குசினியில் பேசாமல் நின்றதும் அதனால்தான். மகனுக்குக் கலியாணம் என்று கேட்டவுடன் என் மனம் பெண் யார் என்று பார்க்கப் போகவில்லை. ஆலாத்தி எடுக்கிறது யார், உன் முன்னால் நின்று வழியனுப்புகிறது யார், அந்த நேரம் நான் எந்த அறைக்குள் இருப்பது என்றுதான் போனது. பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய நேரத்தில் நான் எனக்கு அறை தேடிக்கொண்டிருந்தேன்.

நீ அங்கேயே வளர்ந்தவன், உனக்கு இது புதினமாக இருக்கும். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது முதலில் எதிர்ப்படுகிற ஆளைத்தான் எங்கள் பக்கத்தில் முழுவியளம் என்போம். சுமங்கலி வந்தால் நல்லது, நிறைகுடம் வந்தால் நல்லது. கைம்பெண் வந்தால், யாராவது தும்மினால், "எங்கே போகிறாய்" என்று கேட்டால், திரும்பி வந்து இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதெல்லாம் செய்யலாம். இந்த பஸ் போனால் அடுத்த பஸ். உன் அப்பா இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தது எந்த ஊரில் என்று யோசித்துப் பார். லண்டன் ரயில் முடிகிற இடத்தில் அயர்லாந்துக் கப்பல் நிற்கிற ஊர். கொழும்பு ஹாபரில் எஞ்சின் வேலை பழகி, கப்பல் கப்பலாக ஏறி இறங்கி, கடைசியில் வேல்ஸ் கரையில் அந்த மூலையில் போய் வேலை எடுத்தார். சங்கு ஊதினால் ஊதினதுதான், ஒரு ஆளுக்காகக் கப்பல் நிற்காது.

நான் முதல் முதலில் அங்கே வந்து இறங்கியபோது காற்று என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டேசன் சுவரில் ஒட்டிவிட்டது. ஒரு வருசமாக எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. எந்த நேரமும் யாராவது பெட்டியோடு போவார்கள், யாராவது பெட்டியோடு வருவார்கள். ஐரிஷ் பெடியன்கள் வேலை தேடி வந்து இறங்குவார்கள். தாய் செத்த செய்தி கேட்டு அதே பெடியன்கள் அழுதுகொண்டு ஏறுவார்கள். துறைமுகத்தடியில் நின்று அழுதால் அங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது அவமதிப்பு இல்லை, மரியாதை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரு நாள் கொடியில் காய்ந்த என் மஞ்சள் சேலையைக் காற்று கொண்டுபோய்த் துறைமுகத்து விளக்குக் கம்பத்தில் சுற்றிவிட்டது. மத்தியானத்துக்குள் அது மடித்துக் கட்டி வீட்டுக்கு வந்தது. யாருடையது என்று விசாரிக்கத் தேவையே இல்லை, சேலை உடுக்கிற வீடு ஊருக்கு ஒன்றுதானே. அந்தச் சனங்கள் தங்களுக்குள் வெல்ஷ் பேசுவார்கள், வெளியாள் வந்தால் இங்கிலிசுக்கு மாறுவார்கள். "பாத்தீரே, இவையும் எங்கட ஆக்கள்தான். வீட்டில ஒரு பாசை, கந்தோர் வேலையில ஒரு பாசை" என்பார் அப்பா. அதற்குப் பிறகு எனக்கும் ஊர் பிடித்துவிட்டது.

பிரச்சினை எதிர் வீட்டில் இருந்தது. மிஸிஸ் பிறைஸ். மனுசன் இறந்து பல வருசம், எப்போதும் கறுத்தக் கோட்டு. காலையில் வாளியில் தண்ணீரும் தூரிகையும் கொண்டுவந்து முழங்காலில் இருந்து வாசற்படியைத் தேய்ப்பா. அப்பா வேலைக்கு வெளிக்கிடுகிற நேரமும் அதுதான். உன் அப்பா யன்னல் திரையைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இஞ்சரும், அவ உள்ளுக்குப் போட்டாவோ பாரும்." "இல்லை, இன்னும் தேய்க்கிறா." "அந்தப் படி கரைஞ்சு போகப் போகுது." பிறகு தனக்குத்தானே வழக்குப் பேசுவார். "கைம்பெண் எதிர்ப்பட்டால் கூடாது. நிறைஞ்ச வாளி எதிர்ப்பட்டால் நல்லது. இவ ரெண்டையும் சேத்து வச்சுக்கொண்டு இருக்கிறா. இதுக்கு ஆர் பலன் சொல்லுறது?" நான் சிரித்தால், "நீர் சிரியும், கடலுக்குப் போறது நான்" என்பார். அதுவும் உண்மைதான். எஞ்சின் அறையில் நிற்கிறவனுக்குக் கடல் கண்ணில் படாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் அவர் திரையை விலக்கினார்.

ஒரு மார்கழிக் காலை. மிஸிஸ் பிறைஸ் படியைத் தேய்த்து, யன்னல் விளிம்பைத் தேய்த்து, கதவின் பித்தளையையும் தேய்க்கத் தொடங்கிவிட்டா. இவருக்குப் பொறுமை போய்விட்டது. பின்கதவால் போய், மதில் ஏறிக் குதித்து, காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு பின்தெரு ஒழுங்கையால் ஓடினார். துறைமுகக் கேற்றில் மிஸ்டர் ஓவன். உன் வருங்கால மாமனார் அன்றைக்கும் இப்படித்தான். கப்பல் போகிறது ஒரே இடத்துக்கு. என்றாலும் வேலைக்காரரையும் மறித்து, "இண்டைக்கு எங்க பயணம்?" என்று பகிடி விடாமல் உள்ளே அனுப்ப மாட்டார். கிழிந்த காற்சட்டையோடு மூச்சு வாங்க வந்து நிற்கிறவரிடம் அதைக் கேட்டால்? அப்பா அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். "அந்த மனுசன் ஒரு நாளைக்கு எங்கள் எல்லாரையும் கடலுக்குள்ள தாட்டுப்போட்டுத்தான் விடுவான். தண்ணி தாரும்" என்று கதிரையில் இருந்து குடித்தார். குடித்து முடிய முதல் சங்கு ஊதிவிட்டது. என்ன செய்வது? வயிற்றுவலி என்று மேலாளுக்குச் சொல்லி அனுப்பினோம்.

சின்ன ஊர் அல்லவா, வயிற்றுவலி மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கதவைத் திறக்கிறேன், மிஸிஸ் பிறைஸ் ஒரு கோப்பை சூப்போடு நிற்கிறா. நேரே உள்ளே வந்து, இவர் முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, குடித்து முடிக்கும் வரைக்கும் எழும்பவில்லை. வயிற்றில் ஒரு வருத்தமும் இல்லாத மனுசன் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தார், பாவம். அதோடு விட்டாவா? அடுத்த நாள் காலை இவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க எங்கள் வாசலுக்கே வந்து நின்றா. திரையும் உதவவில்லை, பின்கதவும் உதவவில்லை. இவருடைய கழுத்துத் துணியை இழுத்துச் சரிபண்ணி, சந்தி வரைக்கும் கூட நடந்து போய் விட்டுவிட்டு வந்தா. அன்று நான் அடுப்படியில் நின்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். பின்னேரம் அப்பா வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "குளத்தில போய் வந்த மாதிரி" என்றார். "இந்த மாசம் முழுக்க எங்களைத் தூக்கி எறிஞ்ச கடல். இண்டைக்கு எஞ்சினுக்குப் பக்கத்தில வச்ச தேத்தண்ணி சிந்த இல்லை."

அதற்குப் பிறகு உன் அப்பா தலைகீழாக மாறிவிட்டார். மிஸிஸ் பிறைஸ் வெளியே இல்லை என்றால் அவவுடைய கேற்றைத் தட்டிக் கூப்பிடுவார். அவ வந்து தூரிகையைத் தூக்கிக் காட்டி வெல்ஷில் என்னவோ சொல்லுவா. இவர் தமிழில் "வாறன்" என்பார். எனக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்து நான் வாசலுக்குப் போகாத நாட்களிலும் அவ நின்றா. ஆனால் அப்படிப்பட்ட நாளில் அப்பா போக மாட்டார். குசினி யன்னலை வெளியே நின்று தட்டி, "முகத்தைக் காட்டும், கப்பல் நிக்குது" என்பார். நான் கோபத்தோடு ஒரு கண்ணை மட்டும் காட்டுவேன். "அது காணும்" என்று சொல்லிவிட்டு ஓடுவார். உன் மச்சானுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்து, எங்களையும் கூட்டிப் போகிறோம் என்று அக்கா நின்றபோது, ஹோலிஹெட்டை விட்டு வெளிக்கிட்ட அந்தக் காலையும் அப்படித்தான். கார் வந்து நிற்கிறது, அங்கேயே நிற்கப் போகிற நீ எங்கள் பெட்டிகளை ஏற்றுகிறாய், அப்பா ஏற மாட்டேன் என்கிறார். கடைசியில் மிஸிஸ் பிறைஸிடம் எல்லாக் கதையையும் சொல்லி, வாளி நிறையத் தண்ணீரோடு வந்து நிற்கச் சொன்னார். அவ சிரித்த சிரிப்பு இருக்கே! "அட கடவுளே, என்ர படி சுத்தமோ எண்டு பாக்கத்தான் நீ திரையை விலக்கிறாய் எண்டு நினைச்சு நினைச்செல்லோ நான் இத்தனை வருசமும் தேய்ச்சனான்!"

இவ்வளவும் எனக்குத் தெரியும், தம்பி. தெரிந்தும் நான் ஏன் அந்த அறைக்குள் போய் நின்றேன்? அது மிஸிஸ் பிறைஸ், இது நான் என்று நினைத்தேன். துக்கம் வந்தால் மனம் பழைய வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறது. உன்னைக் கொண்டு போகிற பிளேனுக்கு ஏதும் நடந்தால், நான் முன்னால் நின்றதால்தான் என்று மிச்சக் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று பயந்தேன். இந்த வீட்டு நடையில் அப்பா தானே ஆணி அடித்து மாட்டின கண்ணாடி இருக்கிறது, அதில் பார்த்துத்தான் சீப்பால் தலை இழுப்பார். அவர் போன பிறகு, "கழட்டி வைக்கட்டோ அம்மா" என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆனால் அதைக் கடக்கும்போது மற்றப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் போவேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அப்பா போன அந்தக் காலை. இங்கே மெரிலேண்ட்ஸ் ஸ்டேசனடிக் கடைக்குக் காலைச் சாப்பாட்டுப் பாணும் பேப்பரும் வாங்க வெளிக்கிட்டார். நான் தலை முழுகி, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, முற்றத்துச் செடிக்கு ஊற்ற ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக்கொண்டு எதிரே வந்தேன். என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "இதைவிட என்ன முழுவியளம் வேணும்" என்று சிரித்தார். "வரக்குள்ள பச்சை மிளகாயும் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றேன். போன மனுசன் கடைக்கு வெளியே போட்டிருந்த மர வாங்கில் இருந்தாராம். இருந்தவர் எழும்பவில்லை. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே அதைத் தொடப் பயமாக இருந்தது. நாற்பது வருசத்துக்குக் கிட்டச் சுமங்கலியாய் வாசலில் நின்றவளுக்கு, அன்றைக்கு என்ன குறை?

பிறகு உன் கடிதம். கோபத்தோடு எழுதினாலும் ஊர்ப் புதினம் எழுதாமல் விட உனக்கு மனம் வரவில்லை. கடைசியில், "மிஸிஸ் பிறைஸ் இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறா. ஆனாலும் நான் கப்பல் வேலைக்குப் போகிற நேரம் வாசலுக்கு வந்து தூரிகையைத் தூக்கிக் காட்டாமல் இருக்க மாட்டா" என்று எழுதியிருக்கிறாய். விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். அங்கே என் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பி வைக்கிறது ஒரு கைம்பெண். நீ பத்திரமாகப் போய் வருகிறாய். இங்கே உன்னைப் பெற்றவள் உடுப்பு மெஷினுக்குப் பக்கத்தில் ஒளிந்து நிற்கிறேன். செம்பும் குங்குமமுமாய் நின்று என்னால் அப்பாவை வைத்திருக்க முடியவில்லை. அப்படியென்றால் பொட்டில்லாமல் நின்று உனக்கு ஒரு கேடும் செய்யவும் என்னால் முடியாது. எவ்வளவு சின்னக் கணக்கு. அதைப் போட எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது. பானையில் சோறு அடிப்பிடித்து மணந்த பிறகுதான் எழும்பினேன்.

அதனால் உனக்கும் கிவெனுக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் சண்டை பிடிப்பீர்கள், பிடிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஒருவர் வெளிக்கிடும்போது மற்றவர் வாசல் வரைக்கும் வந்து முகத்தைக் காட்டுங்கள். ஒரு கண் என்றாலும் காணும். அது சகுனத்துக்காக இல்லை. போகிறவர் அந்த முகத்தைத்தான் நாள் முழுக்கக் கொண்டு திரிவார், அதற்காக. ஒருவர் பேசாமல் இருந்தால் அதற்கு நீயே ஒரு பதிலை எழுதி வைத்துக்கொள்ளாதே, கேள். அன்று நடையில் பையை வைத்தாயே, அப்போது கொஞ்சம் உள்ளே வந்திருக்கலாம். அப்பா என்றால் வந்து மெஷினைத் தட்டிப் பார்த்து, "இதுக்குள்ள என்ன செய்யிறீர்" என்று கேட்டிருப்பார். நீ என்னைப் போல, வாயை மூடிக்கொண்டு நோகிற பிறவி. அந்தப் பிள்ளை அவளுடைய தகப்பனைப் போல வாயாடி என்று நினைக்கிறேன், நல்லதுதான். அவளுக்குப் புட்டு அவிக்க வராவிட்டால் மூஞ்சியை நீட்டாதே, நீ அவி. பிள்ளைகள் பிறந்தால் அவள் வெல்ஷில் கொஞ்சட்டும், நீ தமிழில் கொஞ்சு, இங்கிலிசைத் தெரு பழக்கிவிடும்.

அக்கா டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டாள். திவசம் முடிந்தவுடன் வருகிறேன். லண்டனில் வந்து நிற்காதே, வேலை கெடும். ரயில் முடிகிற இடத்தில் நில், அந்தக் காற்றில் என்னைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கலியாணத்தன்று காலை நீ வெளிக்கிடும்போது என்னை அறைக்குள் இருக்கச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னவள் நான் ஒருத்திதான். வாசலுக்கு ஒரு பக்கம் நான் நிற்பேன், மறுபக்கம் மிஸிஸ் பிறைஸைத் தடியோடு நிறுத்து, நடுவில் வாளி நிறையத் தண்ணீர் வை. கிவெனுக்கு நான் ஆலாத்தி எடுப்பேன். அவளுடைய தகப்பன் அன்றைக்கும் விட மாட்டார், "இண்டைக்கு எங்க பயணம்?" என்று கேட்பார். கேட்கட்டும். திரும்பி வராதே, பதிலைச் சொல்லிவிட்டு நட.

இங்கேயிருந்து நான் வெளிக்கிடுகிற அன்று, "நான் பொட்டோட முன்னால நிக்கிறன் அம்மா, பாத்திட்டு இறங்குங்கோ" என்கிறாள் அக்கா. அவளுக்கும் பயம், பாவம். வேண்டாம், நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வா என்று சொல்லிவிட்டேன். நேற்று அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒருதரம் நின்று பார்த்தேன். மெலிந்துபோனேன், தலை நரைத்துவிட்டது, அவ்வளவுதான். போகிற அன்றும் அதற்கு முன்னால் நிற்பேன். அதில் தெரிகிற மனுசியைப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவேன்.

அம்மா